காளவாயும் கடலும்

இரசாயன சாஸ்திரத்தை முறையாகப் பயிலாத தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன், அச்சாஸ்திரத்தின் தலையாய கொள்கைகளுள் ஒன்றைப் பற்றிக் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதப் புகுவது, நீந்தத் தெரியாதவன் கட்டுமரம் ஏறிய கதையாய் முடியும் என்று எங்கள் விடுதியிற் சிலர் நகைத்தனர். அந்நகைப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் பள்ளியிறுதி வகுப்பு வரையில் இப்பாடத்தைப் படித்தவன் நான். பரீட்சையில் இதுபற்றிய வினாவுக்கு விடையெழுதி, குறையாத மதிப்பெண்ணும் பெற்றவன். பொருள் மட்டும் அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்காமலே மதிப்பெண் பெறக்கூடிய வகையில் இப்பாடம் கற்பிக்கப்படுகிறது என்பதே என் முறையீடு. அப்பொருள் எனக்கு எவ்வாறு விளங்கிற்று என்பதைச் சொன்னால், முறையீட்டின் காரணமும் தானே தெளிவாகும்.

நாவலூரில், பழைய மாமல்லபுரம் சாலையை விட்டு உள்ளே திரும்பும் ஊர்த்தெரு ஒன்றில் இருந்த என் பாட்டனார் வீடு சென்ற கோடை விடுமுறையில் இடிக்கப்பட்டது. எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட வீடு; ஒன்றரை முழத் தடிப்புள்ள சுவர்; செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் அன்றிச் சிமெண்டு ஒரு பிடியும் சேராதது. இடித்தவர்கள் எறிந்த காரைக் கட்டி ஒன்றை நினைவுக்காக எடுத்து வந்து விடுதி அறையில் வைத்திருந்தேன். இரசாயனம் பயிலும் தோழர் ஒருவர் அதனைப் பார்த்து, ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுபோய்ச் சுத்தியலால் இரண்டாக உடைத்து, உடைந்த முகத்தில் பினால்ப்தலீன் என்னும் திரவத்தைச் சில துளி விட்டார். ஓரத்தில் இரண்டு விரற்கடை அளவு நிறம் மாறவேயில்லை. நடுவிலோ, வெற்றிலை போட்ட வாய்போல் சிவந்தது. "உன் தாத்தா வீடு இன்னும் கட்டி முடியவில்லையடா" என்றார் அவர்.

கூற்று வேடிக்கையாயினும் சாஸ்திரப்படி உண்மையே. சுவரிற் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது. மாறிய பகுதியில் அத்திரவம் நிறங்கொள்ளாது. மாறாத பகுதியில் சிவக்கும். எழுபது ஆண்டுகளாக அச்சுவர் ஓசையின்றிக் காற்றை உண்டுகொண்டிருந்தது. நடுப்பகுதிக்கு இன்னும் முறை வரவில்லை. வீட்டில் இருந்தவர்கள், என் பாட்டனார் உட்பட, சுவர் சும்மா நிற்கிறது என்றே எண்ணியிருந்தனர்.

சும்மா நிற்பது என்னும் இவ்வெண்ணமே வேதிச் சமநிலையைப் பற்றி மாணாக்கர்க்குள்ள முதல் மயக்கமும் ஆகும். சமநிலை என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழனுக்குத் துலாக்கோல் நினைவுக்கு வருகிறது. இரு தட்டும் ஒத்து நிற்க, நடுமுள் அசையாதிருக்கும் காட்சி அது. சொல் அழகியது, ஆனால் இவ்விடத்தில் வழிதப்பச் செய்கிறது. "முன்வினையும் பின்வினையும் சமமாகும்போது வினை நின்றுவிடும்" என்று நான் ஒருமுறை எழுதிவைத்தேன். ஆசிரியர் 'நின்றுவிடும்' என்பதை மட்டும் சிவப்பு மையால் அடித்து, மற்றதைச் சரியென்று விட்டார். ஏன் அடித்தார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 'இயங்குச் சமநிலை' என்று பாடநூல் பின்னர் அடைமொழி சேர்த்துத் திருத்திக்கொள்கிறது. அடைமொழி அச்சொல்லின் குறையைக் காட்டுகிறதேயன்றிப் போக்கவில்லை என்பது என் எண்ணம்.

இரசாயனத்தைத் தமிழிற் சொல்ல முயன்றவர்கள் பட்ட பாடு சிறிதன்று. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பார் 1875-இல் நாகர்கோவிலில் அச்சிட்டு வெளிவரச் செய்த இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர். புதுச்சொல் படைப்பதை விட, வந்த சொல்லுக்குத் தமிழ் ஈறு தருவது தகும் என்று அவர் கருதினார் போலும். பின்னாளில் இராஜாஜி தம் நூலொன்றிற்குத் 'திண்ணை இரசாயனம்' என்று பெயர் சூட்டினார். எனக்கு அத்திண்ணையிலிருந்து இறங்கி இன்னும் சிறிது கிழக்கே, கடலோரம் போகவேண்டும் என்று ஆசை. நம் பக்கத்தில் இக்கொள்கையைக் கற்பிக்க ஏற்ற பாடசாலை அங்கேதான் இருந்தது. அதன் பெயர் சுண்ணாம்புக் காளவாய்.

சோழமண்டலக் கடற்கரையின் உப்பங்கழிகளில் கிளிஞ்சல் வாரிச் சுட்டுச் சுண்ணாம்பாக்குவது தொன்றுதொட்டு வந்த தொழில். கடற்கிளிஞ்சற் சுண்ணாம்பைக் கடுக்காய் நீர், வெல்லம், முட்டையின் வெண்கரு முதலியன சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த சுவர், சலவைக்கல்லைப் போல ஒளிரும் என்று சென்னைக்கு வந்த ஐரோப்பியர் வியந்து எழுதினர். சென்னைச் சுண்ணம் என்று அதற்கு அவர்களிடையே ஒரு பெயரே வழங்கிற்று. கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காக இட்டு, அடியில் காற்றுப் புகும் வழி விட்டு, மேலே வாயைத் திறந்து வைத்து எரிப்பார்கள். 'காளவாய்' என்ற பெயரிலேயே வாய் இருக்கிறது. அவ்வாயைக் குறித்துத்தான் இக்கட்டுரை.

கிளிஞ்சல் என்பது சுண்ணாம்புக் கல்லும் சலவைக் கல்லும் எதுவோ அதுவே, கால்சியம் கார்பனேட். சூடேற்றினால் அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. நூறு பலம் தூய கிளிஞ்சல் சுட்டால் மிஞ்சுவது ஐம்பத்தாறு பலம். நாற்பத்து நான்கு பலம் வாயுவாய்ப் போய்விடுகிறது. சுட்ட சுண்ணாம்பும் வாயுவும் மறுபடி கூடினால் பழைய கல்லே ஆகின்றன. பிரிதலும் கூடுதலும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் நடக்கக்கூடியவை. இத்தகையதை மீள்வினை என்கிறோம்.

இனி, கிளிஞ்சலை மூடிய இரும்புக் கலத்தில் இட்டுச் சூடேற்றுவதாகக் கொள்வோம். முதலில் வாயு பிரியும். கலத்துள் அதன் அழுத்தம் பெருகும். பெருகப் பெருகச் சுண்ணாம்போடு மீண்டும் கூடும் வேகமும் பெருகும். ஒரு நிலையில் பிரியும் வேகமும் கூடும் வேகமும் ஒன்றாகிவிடும். அதற்குமேல் அழுத்தம் ஏறாது. பார்ப்பவனுக்கு அடங்கிவிட்டாற்போல் தோன்றும். உள்ளே ஒரு நொடியும் அடங்குவதில்லை. இதனை எப்படி அறிவது? கதிரியக்கமுள்ள கரி கலந்த கரியமில வாயுவைச் சிறிது அக்கலத்துள் விட்டால், அழுத்தம் மாறாதிருக்கும்போதே, சில பொழுதில் அக்கதிரியக்கம் கல்லுக்குள்ளும் காணப்படும். வாயுவாயிருந்தது கல்லாயிற்று, அதற்கு ஈடாக, கல்லாயிருந்தது வாயுவாய் வெளிவந்தது. கணக்கு மாறவில்லை; ஆட்கள் மாறிவிட்டனர். கிளாம்பாக்கத்துப் பேருந்து நிலையத்தில் எந்நேரமும் ஒரே அளவு கூட்டம் இருப்பதைக் கண்டு, காலையில் வந்தவர்களே மாலையிலும் நிற்கிறார்கள் என்று யாரும் நினைப்பதில்லை அன்றோ!

இவ்வழுத்தம் எவ்வளவு என்பது கலத்தின் பருமையையோ, உள்ளே இட்ட கிளிஞ்சலின் அளவையோ பொறுத்ததன்று. இது மாணாக்கர் பலரும் தவறும் இடம். கலத்தில் கல்லும் சுண்ணாம்பும் சிறிதளவேனும் இருக்கும்வரை, ஒரு கூடை இட்டாலும் ஒரு வண்டி இட்டாலும் அழுத்தம் ஒன்றே. சூட்டை மட்டுமே அது பொறுத்தது. 1867-இல் தெப்ரே என்னும் பிரெஞ்சு இரசாயனர் இதனைச் சோதித்துக் காட்டினார். 700 டிகிரியில் அவ்வழுத்தம் நம்மைச் சூழ்ந்த வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. 800 டிகிரியில் கால்பங்குக்குச் சற்றுக் குறைவு. 900 டிகிரியை நெருங்கும்போது வளிமண்டல அழுத்தத்திற்கு ஈடாகிறது. காளவாய்க்காரன் வெப்பமானியைக் கண்டவனல்லன். ஆனாலும் தீ எந்நிறம் கொண்டால் கிளிஞ்சல் வேகும் என்பது அவன் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் சூடு மட்டும் போதாது என்பதும் அவனுக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் பிரபு, சுண்ணாம்புக் கல் தூளைத் துப்பாக்கிக் குழலில் இட்டு, இருபுறமும் அடைத்து, கடுந்தீயில் வைத்தார். திறந்த வெளியில் நிச்சயமாகச் சுண்ணாம்பாகியிருக்கக்கூடிய சூடு. குழலைத் திறந்தபோது உள்ளே சுண்ணாம்பு இல்லை. சலவைக்கல்லைப் போன்ற கல் இருந்தது. வாயுவுக்குப் போக வழியில்லாததால் கல் கல்லாகவே இருந்துவிட்டது. காளவாயில் தீ செய்வது பாதி வேலை. மறுபாதியைச் செய்வது கடற்காற்று. பிரிந்த வாயுவைக் காற்று அள்ளிக்கொண்டு போவதால் கூடுதலுக்கு ஆள் இல்லாமற் போகிறது. பிரிதலே நடந்து முடிகிறது. ஊற ஊற இறைத்துவிட்டால் மணற்கேணி மேன்மேலும் ஊறுவது போல என்று சொல்லலாம். உவமை முற்றும் பொருந்தாது. கேணியில் நீர் வரும் வழி வேறு, போகும் வழி வேறு. மீள்வினையிலோ வந்த வழியே போகிற வழி. ஆயினும் இறைப்பவன் கை, ஊற்றைத் தூண்டுகிறது என்னும் அளவில் பொருந்தும்.

நிற்க. இவ்வறிவு ஐரோப்பியர்க்கும் எளிதில் வந்ததன்று. ஒரு பொருளுக்கு மற்றொன்றின்மீது உள்ள நாட்டமே வினையின் போக்கை முடிவு செய்கிறது, அப்போக்கு ஒரே திசையது என்று அவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். நெப்போலியனுடன் 1798-இல் எகிப்துக்குச் சென்ற பெர்தொலே என்பார், அங்குள்ள உவர் ஏரிகளின் கரையில் சோடாக் காரம் பூத்துக் கிடப்பதைக் கண்டார். சோடாக் காரத்தோடு கால்சியம் குளோரைடு சேர்ந்தால் சுண்ணாம்புக் கல்லும் உப்பும் உண்டாகும் என்பதே ஆய்வுக்கூடத்தில் அவர் கற்றது. ஏரிக்கரையிலோ, உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து காரம் உண்டாகியிருந்தது. வினை தலைகீழாய் நடந்திருந்தது. உப்பின் மிகுதியே அவ்வாறு திருப்பிற்று என்று உணர்ந்து 1803-இல் நூலெழுதினார். கேளம்பாக்கத்து உப்பளங்களைச் சாலையிலிருந்து பார்த்துக்கொண்டு நாள்தோறும் போகும் நமக்கு, உப்புக் கரையில் நின்று ஒரு சாஸ்திரம் பிறந்தது என்பது வியப்பாய் இருக்கவேண்டியதில்லை. பின்னர் நார்வே நாட்டு மைத்துனர் இருவர், குல்ட்பர்க், வாகே என்போர், 1864-இல் அதனைக் கணித விதியாக்கினர்.

1884-இல் லீ சாட்லியர் வந்தார். அவர் பாரிஸ் சுரங்கக் கல்லூரியில் ஆசிரியர். சிமெண்டையும் சுண்ணாம்பையும் ஆராய்ந்தவர். சமநிலையில் உள்ள ஓர் அமைப்பின் சூட்டையோ, அழுத்தத்தையோ, பொருளின் செறிவையோ மாற்றினால், அம்மாற்றத்தைத் தணிக்கும் திசையில் வினை நகரும் என்பது அவர் கண்ட விதி. கிளிஞ்சல் பிரிவதற்கு வெப்பம் வேண்டும், நூறு கிராமுக்கு ஏறக்குறைய 178 கிலோஜூல். ஆகவே சூட்டை ஏற்றினால் அச்சூட்டை உண்ணும் பக்கமாகிய பிரிதலின் பக்கம் நகர்கிறது. வாயுவைத் திணித்தால் வாயு குறையும் பக்கம், அதாவது கல்லின் பக்கம் நகர்கிறது.

அவர் எழுதிவைத்த செய்தியொன்று எனக்கு மிகவும் பிடித்தது. இரும்பு உருக்கும் உலைகளிலிருந்து எரியக்கூடிய வாயு நிறைய வீணாக வெளியேறுவதைக் கண்ட ஆலைக்காரர்கள், கனியமும் வாயுவும் கலந்து நிற்கும் பொழுது போதவில்லை என்று கருதி, பெரும்பொருள் செலவிட்டு உலைகளை உயரமாகக் கட்டினார்கள். உயரம் ஏறிற்று, வெளியேறும் வாயுவின் விகிதம் குறையவில்லை. வினை முற்றுப்பெறாமற் போனதற்குக் காரணம் பொழுது போதாமையன்று, சமநிலை அங்கேயே அமைந்துவிட்டது என்பதை அவர்கள் அறியவில்லை. நிலைமையை மாற்றாமல் உயரத்தை மாற்றினர். நம் ஊரிலும் இவ்வாறு உயர்த்திக் கட்டப்படும் உலைகள் பல உண்டு; அவற்றைப் பற்றிப் பேசினால் கட்டுரை வேறு திசைக்கு நகர்ந்துவிடும்.

இந்த லீ சாட்லியரே 1901-இல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர்ந்த அழுத்தத்தில் கூட்டி அம்மோனியா செய்ய முயன்று, காற்றுக் கலந்துவிட்டதால் கலம் வெடிக்க, அம்முயற்சியையே கைவிட்டார். அதனைத் தம் வாழ்நாளின் பெரும்பிழை என்று முதுமையில் வருந்தினார். 1909-இல் ஹேபர் அதனைச் செய்து காட்ட, போஷ் அதனை ஆலையளவுக்குப் பெருக்க, 1913-இல் ஜெர்மனியில் ஓப்பாவ் என்னுமிடத்தில் அம்மோனியா ஆலை எழுந்தது. இங்கே நம் பாடநூல்களின் முகம் மலர்ந்துவிடும். நான்கு பருமன் வாயு இரண்டு பருமனாகச் சுருங்குவதால் அழுத்தம் துணை செய்யும். வெப்பம் வெளிவரும் வினையாதலால் குளிர்ச்சி துணை செய்யும். ஆனால் குளிரில் வேகம் இராது. ஆகவே 400 முதல் 500 டிகிரிச் சூடு, வளிமண்டல அழுத்தத்தைப்போல் 150 முதல் 250 மடங்கு அழுத்தம், இரும்பு வினையூக்கி. வினையூக்கி சமநிலையை நகர்த்தாது. இருபுற வேகத்தையும் ஒரே விகிதத்தில் பெருக்கி, அங்குப் போய்ச் சேரும் காலத்தை மட்டும் குறைக்கும். இவை நான் உருப்போட்டவை. இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மணலியில் 1971 முதல் இயங்கிவரும் உரத் தொழிற்சாலையின் அடிப்படையும் இவ்வினையே.

என் முறையீடு இங்கேதான் எழுகிறது. அம்மோனியாவைக் கொண்டே இக்கொள்கையைக் கற்பிப்பதால், சமநிலை என்பது விளைபொருளை மிகுதியாகக் கறப்பதற்கான ஓர் உபாயம் என்ற எண்ணம் மாணாக்கன் உள்ளத்தில் பதிந்துவிடுகிறது. எல்லா வினாவும் 'அதிக விளைச்சல் பெற யாது செய்வாய்' என்றே முடிகின்றன. அம்மோனியாக் கலம் மூடிய கலம். கூடாது மிஞ்சிய வாயுவை வெளியே விடாமல் மறுபடியும் உள்ளே செலுத்துவார்கள். ஆகவே அங்கே 'வெளியே' என்ற கேள்வி எழுவதேயில்லை. காளவாயிலோ அதுவே முதற்கேள்வி. காற்று அள்ளிக்கொண்டு போகிறது என்றேனே, எங்கே அள்ளிக்கொண்டு போகிறது? காளவாயின் வாய் எதற்குள் திறக்கிறது?

விடை சொல்வதற்கு முன், சிறு வகுப்பில் எல்லோரும் செய்த சோதனையொன்றை நினைவூட்டுகிறேன். தெளிந்த சுண்ணாம்பு நீரில் குழல் வைத்து ஊதினால் நீர் பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு கூடிக் கரையாத கல்தூளாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் இத்துடன் கைதட்டி நிறுத்திவிடுவர். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால், வெளுத்த நீர் மறுபடியும் தெளிகிறது! மிகுதியான வாயு, நீரோடு சேர்ந்து, தானே உண்டாக்கிய கல்தூளைத் தானே கரைத்துப் பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. அத்தெளிந்த நீரைக் காய்ச்சினால் வாயு ஓடிவிட, கல் மீண்டும் படிகிறது. கிணற்று நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் எங்கள் அம்மா புளியிட்டுத் தேய்க்கும் வெண்படிவு இதுவே.

ஒரே வாயு, கலத்துள் திணித்தால் கல்லைக் காக்கிறது, நீருள் திணித்தால் கல்லைக் கரைக்கிறது. லீ சாட்லியர் விதியை வாய்ப்பாடாக மட்டும் கற்றவன் இங்கே தடுமாறுவான். நானும் தடுமாறினேன். கரியமில வாயு பெருகினால் கார்பனேட்டும் பெருகவேண்டும், ஆகவே கிளிஞ்சல்கட்குக் கொண்டாட்டந்தான் என்று என் தோழரிடம் வாதித்தேன். அவர் மறுமொழி கூறாமல் சுண்ணாம்பு நீரையும் குழலையும் என்முன் வைத்தார். கடல்நீரில் புகும் கரியமில வாயு அங்குள்ள கார்பனேட்டைப் பிடித்துப் பைகார்பனேட் ஆக்குகிறது. கிளிஞ்சல் தன் ஓட்டைக் கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட்டு அந்த அளவுக்குக் குறைகிறது. விதி பொய்க்கவில்லை, எந்த வினைக்கு அதனைப் பொருத்துகிறோம் என்பதே கேள்வி.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்துலட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்காயிருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. மனிதர் ஆண்டுதோறும் வெளிவிடுவதில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் உட்கொள்கிறது. கடலின் மேல்நீரின் பி.எச். எண் 8.2 இலிருந்து 8.1 ஆகத் தாழ்ந்திருக்கிறது. ஒரு புள்ளிதானே என்று தோன்றும். அவ்வெண் மடக்கைக் கணக்கில் அமைந்ததாகலின், அமிலத் தன்மையைத் தரும் அணுக்கள் கால்பங்கிற்குக் குறையாமற் பெருகின என்பது பொருள். மிகைப்படுத்தவும் நான் விரும்பவில்லை. கடல் புளித்துவிடவில்லை; இன்னும் காரத்தன்மை உடையதே. நாளைக் காலையிலே கோவளத்துக் கிளிஞ்சலெல்லாம் கரைந்துபோகும் என்பாரும் உண்மை பேசுபவரல்லர். ஓடு கட்டும் உயிர்க்கு அவ்வேலை முன்னினும் கடினமாகிறது என்பதே உண்மை. அதுவும் இளங்குஞ்சாய் முதல் ஓட்டைக் கட்டும் பருவத்தில் மிகக் கடினம்.

இதற்குக் காளவாய்க்காரனைக் குற்றவாளியாக்குவது அறிவீனம். அவன் சுட்ட கிளிஞ்சல் எம்மாத்திரம்! அன்றியும், அவன் காளவாயிற் கிளிஞ்சலை விட்டுப் போன வாயு, என் பாட்டனார் வீட்டுச் சுவர் போன்ற சுவர்களால் சிறிது சிறிதாகத் திரும்பப் பெறப்பட்டு வந்தது. எரித்த கரியிலிருந்து வந்த வாயுதான் திரும்பவில்லை. இப்போது அதே வினை வேறு பெயரில் நடக்கிறது. சிமெண்டு என்பதும் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் செய்வதுதான். உலகில் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது. அதில் பாதிக்கு மேற்பட்டது எரிபொருளிலிருந்து அன்று, சுண்ணாம்புக் கல்லிலிருந்தே பிரிவது. அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்டு ஆலைகள் சுடும் கல், கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் அங்கே கிடந்த கடலின் அடியிற் படிந்தது. அப்பூமியில் கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் கல்லாய்ச் சமைந்து இன்றும் கிடைக்கின்றன. நாவலூரிலிருந்து சிறுசேரி வரை வானளாவ எழும்பியிருக்கும் மாடங்களைப் பார்க்கும்போது, எத்துணைக் காளவாய் எரிந்தன என்று நான் இப்போது எண்ணுகிறேன். சிமெண்டுச் சுவரும் காற்றை உண்ணும். ஆனால் அது நமக்கு நன்மையன்று. உண்ணுதல் உள்ளே சென்று கம்பியைத் தொட்ட பிறகு, கம்பியைக் காத்த காரத்தன்மை போய்த் துருப்பிடிக்கத் தொடங்கும். சுண்ணாம்புச் சுவரை உறுதியாக்கும் வினையே கம்பி கட்டிய சுவரை உடைக்கிறது.

காளவாயின் வாய் திறந்திருக்கிறது என்றேன். காளவாயைப் பொறுத்தவரை அது மெய். உலகத்தைப் பொறுத்தவரை, அவ்வாய் மற்றொரு மூடிய கலத்துக்குள்தான் திறக்கிறது. அக்கலத்தில் காற்றும் கடலும் நாமும் இருக்கிறோம். ஹால் பிரபு தம் குழலை அடைத்தது போல இதனை யாரும் வேண்டுமென்று அடைக்கவில்லை. முதலிலிருந்தே அது அடைத்ததுதான். இவ்வளவும் சமநிலைப் பாடத்துக்குள்ளேயே இருக்கின்றன; புதிய பாடம் ஒன்று சேர்க்கவேண்டியதில்லை. இருந்தும் தனியே 'சுற்றுச்சூழல்' என்றொரு தாள் வைத்து, அதில் சாஸ்திரம் இல்லாத இரக்கத்தையும், இரசாயனத் தாளில் இரக்கம் இல்லாத சாஸ்திரத்தையும் கற்பிப்பது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மோனியாவை விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. உரமின்றி உணவில்லை என்பதை உழவர் குடியிற் பிறந்த யாரும் அறிவர். காளவாயை முன்னே வைத்து, அம்மோனியாவைப் பின்னே வைக்கலாம் என்கிறேன். கணக்குக்கும் அதுவே எளிது. திடப்பொருளிரண்டும் கணக்கில் வாராமையால் ஒரே வாயுவின் அழுத்தத்தைக் கவனித்தாற் போதும். ஆசிரியப் பெருமக்கள் சிலர், இன்று காளவாய் எங்கே இருக்கிறது, மாணாக்கன் காணாத பொருளைக் காட்டி விளக்குவது எவ்வாறு என்று கேட்கக்கூடும். அம்மோனியா ஆலையை மட்டும் எத்தனை பேர் கண்டார்கள்? சுண்ணாம்பு வெற்றிலைத் தட்டில் இருக்கிறது. கிளிஞ்சல் கோவளத்து மணலில் இருக்கிறது. குழலும் சுண்ணாம்பு நீரும் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கின்றன. கோலி சோடாக் குண்டை அழுத்தும்போது பொங்கி வருவதும் அழுத்தம் குறைந்ததால் நீரை விட்டு ஓடும் இதே வாயுதான். தமிழ் வகுப்பும் இதற்கு உதவலாம். நீற்றுதல், காரை, காளவாய், சாந்து என்று இத்தொழிலுக்கு நம்மிடம் வழங்கும் சொற்கள் இரசாயனத் தோழர்க்குத் தெரியவில்லை. முன்வினை, பின்வினை, செறிவு என்ற அவர்கள் சொற்கள் நமக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே காளவாயைப் பற்றியவை என்பது இரு வகுப்புக்கும் தெரியவில்லை.

காரைக் கட்டியின் ஒரு பாதி இன்னும் என் மேசைமேல் இருக்கிறது. அன்று சிவந்த முகத்தில் இரண்டு மாதம் கழித்துத் தோழர் மறுபடியும் துளி விட்டார். நிறம் வரவில்லை, திறந்து கிடந்த முகம் அதற்குள் காற்றை உண்டு கல்லாகிவிட்டிருந்தது. சுத்தியலை எடுத்து இன்னொரு முறை உடைத்தோம். உள்ளே சிவந்தது.